உங்களுக்கு என்ன வாழ்த்து?

ரூலோஃபின் பிறந்தநாள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக் கோரி, ஹாலந்து வழக்கப்படி, வட்டமாக உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அண்ணன் பிறந்தநாள், வாழ்த்துகள்ங்க."

"அப்பா பிறந்தநாள், வாழ்த்துகள் தம்பி."

ரூலோஃபுக்கு அடுத்த நாற்காலியில் யானெக்கா.

"வீட்டுக்காரர் பிறந்தநாள், வாழ்த்துகள்ங்க."

யானெக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நன்றிங்க. இந்த வயசுலயும் மனுஷன் விடுற குறட்டையில கூரை பறக்குது. கேக் எடுத்துக்கங்க."

ரூலோஃப் காபிக் கோப்பையையே பார்த்தார். மகன் தொண்டையைச் செருமினான்.

"பாத்ரூம் எங்கங்க?" என்றாள் கோரி.

"நடையில இடது பக்கம்" என்றாள் யானெக்கா.

போன வேகத்தில் கோரி திரும்பி வந்தாள். "அங்க துடைப்பமும் வாளியும்தான் இருக்கு."

சமையலறையிலிருந்து காபியோடு வந்த ஃபெம்கா தணிந்த குரலில் சொன்னாள்: "வலது பக்கம்ங்க. யானெக்கா, இடது பக்கம் இருந்தது நீங்களும் அவரும் வாழ்ந்த வீட்ல. நானும் அவரும் கல்யாணம் பண்ணி இங்க வந்து ஆறு வருஷமாச்சு."

மகன் கெஞ்சியதால் விருந்துக்கு வந்தவள் யானெக்கா.

கோரி முகம் சிவந்து, ஃபெம்காவின் கையைக் குலுக்கினாள். "வீட்டுக்காரர் பிறந்தநாள், வாழ்த்துகள்ங்க." பிறகு யானெக்காவிடம் திரும்பினாள். "அப்போ உங்களுக்கு என்னன்னு வாழ்த்துறது?"

ஆறு வருஷமாக யானெக்காவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.