கயிற்றில் கட்டிய விமானம்

தன் நாடு அண்டை நாடுகளின் ஒன்றியத்தை விட்டு விலகிய நான்காம் மாதம், எல்லையை ஒட்டி அந்தப் பக்கம் இருந்த விமானத் திடலில் நிறுத்தியிருந்த தன் சிறு விமானத்தை எடுத்துவரப் போனார் தேவசகாயம். அதற்குள் அனுமதி கேட்டுத் திடல் அலுவலகத்துக்குப் பதினொரு கடிதங்கள், ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தேதியும் இட்டு, எழுதியிருந்தார். பதில் ஒன்றுகூட வரவில்லை.

“உங்க லைசென்ஸ் ஆயுசுக்கும் செல்லும் சார். ஆனா உங்க நாட்டு விமானத்துக்கு மட்டும்தான். இது எங்க நாட்டுல பதிஞ்சது, இனி நீங்க ஓட்டக்கூடாது” என்றார் திடல் அதிகாரி.

“இதை இங்க ஓட்டிக்கிட்டு வந்தவனே நான்தானய்யா! நீர்தானே கைகாட்டி இறக்கினீர்?”

“அப்ப நீங்க பைலட்டு சார். இப்ப இல்ல.”

தேவசகாயத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விமானத்தின் மூக்கில் தாம்புக்கயிற்றைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லைக்கோட்டை நோக்கி இழுக்கத் தொடங்கினார்.

“என்ன சார் பண்றீங்க?”

“ஓட்டலையே, இழுக்கத்தானே செய்றேன்! அதுக்கு எந்த லைசென்ஸ் வேணும்னு உம்ம புஸ்தகத்துல பாத்துச் சொல்லும்!”

அதிகாரி உண்மையாகவே புத்தகத்தைப் புரட்டினார். கோட்டுக்குப் பத்தடி இருக்கையில் எதிர்க்காற்று ஓங்கி அடித்தது. சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின.

“கயித்த விடுங்க சார்!”

தேவசகாயம் அதைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.