நிறைநகரில் ஒரு கிடா

"சத்தத்தை இன்னும் கூட்டு பாப்பா. கத்தறது வாசல் வரைக்கும் கேக்குது" என்றான் சுதாகர், கதவைத் திறப்பதற்கு முன்.

இசைப்பிரியா ரிமோட்டை அழுத்தினாள். குளியலறையில் கிடா கத்திய அதே நொடியில், டிவியில் கொம்பு முளைத்த நீல மிருகம் ஒன்று உறுமியது.

வாசலில் குவார்ட்டர்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் கருணாகரன். கக்கத்தில் ரிஜிஸ்டர், அதற்குள் மடித்து வைத்த கடிதம். இந்த வீட்டில் ஆடு வளர்ப்பதாக மொட்டைக் கடுதாசி வந்திருப்பதாகச் சொன்னார். குவார்ட்டர்ஸில் ஆடு, மாடு, கோழி எதுவும் கூடாது.

"ஆடா, இங்கயா? டிவில கார்ட்டூன் ஓடுது சார். அதுல ஒரு ஜந்து இப்படித்தான் கத்திக்கினே கெடக்கும்."

"கார்ட்டூன் இல்லப்பா, அனிமே" என்று திருத்தினாள் பதினோரு வயது இசைப்பிரியா.

சத்யா டீயைக் கொடுத்து, நாற்காலியை டிவி பக்கமாகத் திருப்பிப் போட்டாள். எல்லாம் எதிர்வீட்டுக் கனகத்தின் வேலை என்று கண்ணாலேயே கணவனுக்குச் சொன்னாள்.

ஞாயிறு வரை தாங்கினால் போதும். மைன்ஸில் பதினாலு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்த சுதாகர், பெர்மனென்ட் ஆனால் கிடா வெட்டுவதாக முத்தாண்டிக்குப்பம் முனீஸ்வரனிடம் வேண்டியிருந்தான். தை மாதம் ஆர்டர் வந்தது, பின்னாலேயே குவார்ட்டர்ஸும் வந்தது. ஞாயிறு விடியற்காலைக்கு மினி வண்டி சொல்லியாயிற்று. சொந்தக்காரர்கள் அறுபது பேருக்கும் சொல்லியாயிற்று. இப்போது பிடிபட்டால் பெர்மனென்ட் ஆனவனுக்கு முதல் மெமோ.

கிடாவை வெட்டக் கூடாது என்று ஒரு வாரம் சாப்பிடாமல் அழுத மகள்கூட இரண்டு நாளாகச் சாந்தமாகிவிட்டாள். இன்றைக்கு ரிமோட்டும் கையுமாக அப்பாவுக்கு ஒத்தாசை வேறு.

கருணாகரன் டீயை ஊதிக்கொண்டே திரையைப் பார்த்தார். ஒரே அளவு வீடுகள், ஒரே அளவு மரங்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. இது எந்த ஊர் என்று கேட்டார்.

"நிறைநகர் அங்கிள். அங்க யாருக்கும் பசிக்காது, கரண்ட் போகாது. வீட்டுக்கு ஒரு மிருகம் துணைக்குக் குடுப்பாங்க."

"மிருகத்தை விட்டா நம்ம டவுன்ஷிப் மாதிரியே இருக்கு."

"ஆனா நம்பர் இல்லாத மிருகத்தை மட்டும் வெள்ளைச் சுவருக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயிடுவாங்க. திரும்பி வராது. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, சிரிச்சுட்டே இருப்பாங்க. இந்தக் கும்முவுக்கு நம்பர் இல்ல."

நீல மிருகத்தின் பெயர் கும்மு. அதை ஒரு சிறுமி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். சாம்பல் நிறக் கோட்டு போட்ட அதிகாரி ஒருவன் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். இதே எபிசோடை மகள் நாலு தடவை பார்த்துவிட்டதாகச் சத்யா அலுத்துக்கொண்டாள்.

அதிகாரி அலமாரியை நோக்கி நடந்தான். கருணாகரன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"சின்னப் பொண்ணு கெஞ்சுது, இவனுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா?"

அந்த நேரம் பார்த்து இசைப்பிரியாவின் விரல் ரிமோட்டில் பட்டது. டிவி ஊமையானது.

"ம்ம்மே" என்றது குளியலறை.

கருணாகரன் டம்ளரைக் கீழே வைத்தார். கதவைத் திறந்தார். எட்டு மாதக் கிடா, வாயில் பாதி சோப்போடு அவரை ஏறிட்டுப் பார்த்தது.

சாமிக்கு நேர்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று சுதாகர் கும்பிட்டான். கருணாகரன் பையிலிருந்து மார்க்கரை எடுத்துக் கிடாவின் கொம்பில் 47 என்று எழுதினார். அதே எண்ணை ரிஜிஸ்டரிலும் ஏற்றினார்.

"இனிமே இது ரெக்கார்டு. விசாரணை முடியற வரைக்கும் விக்கக் கூடாது, வெட்டக் கூடாது, கேட்டைத் தாண்டிக் கொண்டு போகக் கூடாது. மாசாமாசம் வந்து பார்ப்பேன். காணோம்னா வேலைக்கே ஆபத்து."

"விசாரணை எப்ப சார்?"

"உங்களுக்கு முன்னாடி ஒரு சேவல் கேஸ் நிக்குது, ஆறு வருஷமா. சேவல் வயசாகிச் செத்துப் போச்சு. கேஸ் இன்னும் உயிரோட இருக்கு."

"முனீஸ்வரனுக்கு நான் இன்னா சார் பதில் சொல்றது?"

"விசாரணை நிலுவையில இருக்குன்னு சொல்லுங்க. அவருக்கும் வரிசை புரியும்."

கருணாகரன் நோட்டீஸையும் மொட்டைக் கடுதாசியின் நகலையும் சுதாகரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். செருப்பை மாட்டும்போது, அந்த நீல மிருகம் கடைசியில் என்ன ஆனது என்று இசைப்பிரியாவிடம் விசாரித்தார். அடுத்த தடவை வரும்போது சொல்வதாக அவள் சொன்னாள்.

சுதாகர் கிடாவின் கொம்பையே பார்த்தபடி நின்றான்.

"நான் பெர்மனென்ட் ஆவறதுக்குப் பதினாலு வருஷம் ஆச்சு சத்யா. இது அரை மணி நேரத்துல ஆயிடுச்சி."

சத்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது பேருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள்.

"எதிர்வூட்டம்மா சொல்லட்டும். எழுத்தைக் காட்டியே கேக்கறேன்" என்று நகலைப் பிரித்துக்கொண்டே வெளியே வந்தான். இரண்டாவது படியில் கால் நின்றது.

கோடு போட்ட நோட்டுத் தாளில், குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'ஐயா, சுதாகர் வீட்டுக் குளியலறையில் கும்மு என்ற கிடா இருக்கிறது. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து நம்பர் போடவும்.'