தண்ணீரில் மட்டும்

மார்கழி பிறந்தும் ஏரிப் பூங்காவுக்கு நாரைகள் வரவில்லை. வந்ததற்கு ஒன்று இருக்கட்டும் என்று, திட்டில் மொட்டையாக நின்ற கருவேல மரத்தை நல்லசிவம் படமெடுத்தான். கேமராத் திரையில் மரம் அப்படியே வெறுமையாக இருந்தது. தண்ணீரில் தெரிந்த அதன் பிம்பத்தில் மட்டும் கிளை கொள்ளாமல் நாரைகள்.

"மரத்தையே எடுக்கீங்க. என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்று அவன் மனைவி கோமதி கரையோரம் போய் நின்றாள். எடுத்தான். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடித் தண்ணீரில் அவளைக் காணோம். அங்கே ஒரு நாரை, பறக்கச் சிறகு விரித்திருந்தது.

"நல்லா வந்திருக்கா?"

அவன் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வலிக்கி, விடுங்க" என்றாள், வடக்கு வானத்தைப் பார்த்தபடி. "நேரமாச்சு."