கரை ஒதுங்கிய கட்டை

“இது பாறை இல்லைங்க, மரம்” என்றார், பெரம்பலூரிலிருந்து ஜீப்பில் வந்திருந்த கல் ஆராய்ச்சி அதிகாரி.

செல்லப்பனுக்குச் சிரிப்பு வந்தது. உழுகிற கொல்லைக்கு நடுவே முப்பது முழத்துக்கு நீட்டிப் படுத்திருக்கும் அந்தக் கல்லில் மோதி உடைந்த கலப்பைக் கொழுக்களுக்குக் கணக்கே இல்லை. மரமாக இருந்திருந்தால் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும்.

அதிகாரி விடவில்லை. ஒரு காலத்தில் அரியலூர்ச் சீமையே கடலாகக் கிடந்ததாம். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம், அந்தக் கடலில் வெகுநாள் மிதந்து, இங்கே தரைதட்டி, மண் மூடிக் கல்லாய்ச் சமைந்துவிட்டதாம். அதன் மேலிருந்த ஓட்டைகள், கப்பல் பலகையைத் துளைக்கிற புழு குடைந்தவையாம். சந்தேகமிருந்தால் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். செல்லப்பன் விட்டுப் பார்த்தார்.

அதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. கணக்குப்பிள்ளை பாலசுந்தரம் குடையோடு வந்தார். செல்லப்பனின் அண்ணன் மனைவி குஞ்சம்மாளும் வந்து வரப்பில் தள்ளியே நின்றாள்.

கொல்லையின் கிழக்குப் பாதியும் அதிலுள்ள கிணறும் அவள் புருஷன் பங்கு. அண்ணன் கண்ணை மூடிய கையோடு செல்லப்பன் முழுவதையும் சேர்த்து உழுதுவிட்டார். பஞ்சாயத்தில், பாகப் பத்திரத்தில் சொன்ன எல்லை அடையாளம் எப்போதோ மக்கி மண்ணாகிவிட்டது, முடிந்தால் காட்டட்டும் என்று ஒரே பிடியாக நின்றார். யாராலும் காட்ட முடியவில்லை. உழுதவருக்கே நிலம் என்றாகிவிட்டது. கொல்லைக்கு வெளியே அவளுக்கு மிச்சமிருந்த மேட்டுத் துண்டில் குஞ்சம்மாள் போட்ட கடலை, தண்ணீரில்லாமல் இரண்டு வருஷமாகக் காய்கிறது.

பட்டணத்து மியூசியத்தில் பலகை வைத்து, மரம் கிடைத்த நிலத்துக்காரர் என்று செல்லப்பன் பெயரையும் எழுதுவார்கள் என்றார் அதிகாரி. அதைக் கேட்டதிலிருந்து செல்லப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

“மரந்தான்னு எழுதிக் குடுத்துடுங்க சார். வாயால சொன்னா இந்த ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

அதிகாரி ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்து எழுதி முத்திரை குத்தினார். செல்லப்பன் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்குக் கணக்குப்பிள்ளையும் போட்டார்.

அப்போதுதான் குஞ்சம்மாள் வரப்பைவிட்டு இறங்கி வந்தாள்.

“ஐயா, இந்த மரம் நடுவுல எங்கியாச்சும் இடம் மாறியிருக்குமா?”

“கடல்ல மிதந்ததோட சரிம்மா. இங்க தட்டினப்புறம் ஓர் அங்குலம் நகரலை.”

“எங்க தாத்தன் காலத்துலேருந்தே இங்கதான் கெடக்கு. அதையும் சேத்துக்குங்க சார்” என்றார் செல்லப்பன், பலகையில் ஒரு வரி கூடட்டும் என்று. அதிகாரி அதையும் சேர்த்தார்.

குஞ்சம்மாள் கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

“பாகப் பத்திரத்துல எல்லை என்னன்னு இருக்கு? இன்னொரு தரம் சொல்லுங்க.”

கணக்குப்பிள்ளைக்கு அது மனப்பாடம். அதிகாரி கையிலிருந்த காகிதத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணன் பங்கு கெழக்கே, தம்பி பங்கு மேற்கே. ரெண்டுக்கும் நடு எல்லை, கொல்லையில கெடக்குற மரம்.”