கீழ்த்துறை நண்டு

ஆற்றின் கீழ்த்துறையில் ஒரு நண்டு இருந்தது. யாருக்கும் அடங்காத நண்டு.

வயலுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த ராசப்பன், மருந்து டேங்கைக் கழுவ அங்கே தண்ணீரில் அமுக்கி வைத்தான். குடத்தை எடுத்துக்கொண்டு மேல்துறைக்குப் போனான்.

நண்டு பாய்ந்துபோய் டேங்கின் குழாயைக் கவ்வியது.

"எழுந்திரு! போன தடவை நீ குளிச்ச தண்ணியில என் குஞ்சுங்க அத்தனையும் மல்லாந்து கிடந்துச்சு."

"என் முதலாளி ஒழுங்கானவரு," என்றது டேங்க். "குடிக்க மேல்துறையில மொள்ளுவாரு. என்னைக் கீழ்த்துறையிலதான் கழுவுவாரு. எங்க ஊருல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"அடுத்த ஊருக்கு?"

"அது அவங்க பாடு. விடு குழாயை!"

டேங்க் உதறிய உதறலில் நண்டுக்கு ஒரு கொடுக்கு ஒடிந்தது. அது மற்றக் கொடுக்கால் இன்னும் இறுக்கிப் பிடித்தது.

அந்நேரம் வெள்ளையாய் நுரை தள்ளிக்கொண்டு, மேல்துறையைத் தாண்டி ஒரு காலி மருந்து பாட்டில் மிதந்து வந்தது.

"எங்கேயிருந்து வர்றே?" என்றது டேங்க்.

"மேலூருலேருந்து. என் முதலாளி ரொம்ப ஒழுங்கானவரு. எங்களையெல்லாம் எங்க ஊருக் கீழ்த்துறையிலதான் கழுவுவாரு."

டேங்க் திரும்பி மேல்துறையைப் பார்த்தது. நுரையைக் கையால் விலக்கிவிட்டு, ராசப்பன் குடத்தை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, மொள்ளுறாரே! விடு என்னை, நான் கத்தணும்!"

நண்டு பிடியைத் தளர்த்தவில்லை.

"இங்கிருந்தே கத்து. நானும் இங்கிருந்துதான் இத்தனை நாளாக் கத்துறேன்."