இடது மூலை

"எது நம்மளப் பாக்குதோ அதையே எடுப்போம்," என்றான் சங்கரபாண்டி. சிங்கமீன் பார்த்தது.

"முதுகு முள்ளு பூரா விஷம் சார். தொட்டிக்குள்ள கைய விட்றாதீங்க," என்றார் மீன் கடைக்காரர்.

"பன்னெண்டு வருசமா இவகூடயே இருக்கேன்," என்று அவன் மனைவியைக் காட்டினான். பூரணி அவனைக் கிள்ளினாள்.

மீனை வாங்கி வந்த ஒன்பதாம் நாள் வீட்டில் தொட்டியருகே செத்துக் கிடந்தான். மாரடைப்பு என்றார் மருத்துவர். வலது சட்டைக்கை முழங்கைவரை நனைந்திருந்ததைப் பூரணி மட்டும் பார்த்தாள். அவள் நெருங்குவதற்குள் குளிப்பாட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கைகளை மாலைகளால் மூடிவிட்டார்கள்.

"விரலப் பாக்கணும்," என்றாள்.

"மோதிரம் எங்கிட்டதான் இருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன்.

இன்றும் சாயங்காலம் ஆறு மணிக்கு, சங்கரபாண்டி இரை போட்டுவந்த இடது மூலைக்கு வந்து அந்த மீன் வாயைத் திறக்கிறது.