அணைக்காத விளக்கு

ஆவடி குவார்ட்டர்ஸில் உத்தமன் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த கடல் பவளம் நாளுக்கு நாள் பழுப்பேறியது. வளர்ப்பு மீன் கடை வேம்புலி வந்து தொட்டியைப் பார்த்தார்.

“இன்னா சார், பாசியா கீது? லைட்டு எட்டு மணி நேரம் போதும்னேனே. தீனியும் ஓவரு.”

“நான் நீங்க சொன்ன அளவுதான் போடறேன்.”

“நான்தான் கூடப் போடறேன்” என்றாள் உத்தமனின் மனைவி சுசீலா. “லைட்டையும் அணைக்கிறதில்ல.”

“பவளம் செத்துடும்மா!” வேம்புலி சுவிட்சை அணைக்கப் போனார்.

சுசீலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தூத்துக்குடிக் கடல்ல மூணு நாள் முங்கித் தேடினாங்க. எம்புள்ள தினகர் கிடைக்கல. அவன் மூழ்கின இடத்துலேர்ந்து இதைத்தான் கொண்டாந்து குடுத்தாங்க. அவன் பசி தாங்க மாட்டான். இருட்டுன்னாலும் பயம்.”

வேம்புலி கையை இறக்கிக்கொண்டார்.